தெரியாது என்று சொல்லத் தெரியாதவள்

அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் கம்ப்யூட்டர் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், பெரியவர்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகளாகிவிடுவார்கள். தன் மகளுக்கு விமான டிக்கெட்டைத் தானே வீட்டிலிருந்து பதிவு செய்கிற பூகோள டீச்சர், இதை எந்தப் பக்கம் அமுக்கினால் வெளிச்சம் வரும் என்று கேட்பார். வரலாற்று சார் மவுஸைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுவார். மொழிப்பாட ஆசிரியர் கேள்வித்தாளை வீட்டில் அழகாக டைப் அடித்துவிட்டு, அதைப் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டு வந்து கொடுப்பார். விளையாட்டு வாத்தியார் ஒருவருக்குத்தான் உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. அவரைத்தான் யாரும் நம்புவதில்லை. மனுஷன் என்னமாக நடிக்கிறார் என்று அவர் முதுகுக்குப் பின்னால் மெச்சிக்கொள்வார்கள்.

இவர்களைத் தப்புச் சொல்லவும் முடியாது. தெரியும் என்று காட்டிக்கொண்டவள் கதி என்ன ஆனது என்பதைத் தினமும் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாயைத் திறந்துகூடச் சொல்லவில்லை, பாவம். ஒரு பிளக்கைச் செருகினாள், அவ்வளவுதான்.

அவள் அங்கே வேலைக்கு வந்தது தையல் டீச்சராக. கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். அவர் இருந்த ஊருக்குப் போக ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் உட்கார வேண்டும். வேலை கிடைத்தபோது மகளுக்குப் பால் பல் விழவில்லை. ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொள், அதற்குள் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றார் கணவர். குழந்தையைத் தான் பார்த்துக்கொள்வதாக நாத்தனார் சொன்னாள். பார்த்தும் கொண்டாள், இன்றுவரைக்கும். மகள் இப்போது எட்டாம் வகுப்பு. கடித்துக் கடித்து அம்மாவுக்குத்தான் கடைவாய்ப் பல் தேய்ந்துபோயிருந்தது.

அவள் வந்த மறு வருஷம் அட்டைப்பெட்டிகளில் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. யார் நடத்துவது என்பது மட்டும் முடிவாகவில்லை. பிளக் பாயின்ட் நிறைய இருந்த ஒரே அறை தையல் அறை என்பதால், தையல் மெஷின்கள் தாழ்வாரத்துக்குப் போயின, கம்ப்யூட்டர்கள் உள்ளே வந்தன. திறப்பு நாளன்று கல்வி அதிகாரி பொத்தானை அமுக்கினார். திரை இருட்டாகவே இருந்தது. மறுபடி அமுக்கினார். தலைமையாசிரியருக்கு வியர்த்துக் கொட்டியது. பின்னால் நின்றிருந்த அவள், மோட்டார் வைத்த தையல் மெஷினோடு மல்லுக்கட்டிப் பழகியவள் என்பதால், முதலில் பார்க்க வேண்டியதைப் பார்த்தாள். பிளக் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து அழுத்தினாள். திரையில் வெளிச்சம் வந்தது. அதிகாரி கைதட்டினார். இந்த டீச்சரே பொறுப்பாக இருக்கட்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டுப் போனார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது அவள் கைதான்.

எனக்குத் தெரியாது சார் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அப்போது அது பொய்யும் இல்லை. ஆனால் அவளுக்கு ஒரு கெட்ட குணம், தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்டு உட்கார மாட்டாள். தெரியாத பாடத்தைப் பிள்ளைகள் முன் நின்று நடத்துவது அவளுக்குக் கிழிந்த ரவிக்கையோடு வெளியே போவது மாதிரி இருந்தது. அதனால் படித்தாள். விடுமுறைதோறும் பயிற்சி வகுப்பு என்று கூப்பிட்டார்கள், போனாள். அந்த விடுமுறைகளெல்லாம் மகளோடு இருக்க வேண்டியவை. ஊருக்குப் போகிறபோது பிள்ளை ஒரு சாண் வளர்ந்திருக்கும். போன தடவை எடுத்த அளவில் தைத்துக்கொண்டு போன கவுன் ஒன்றுகூட ஒழுங்காகப் பொருந்தியதில்லை. தையல் டீச்சருக்கு இதைவிடக் கேவலம் வேறு என்ன இருக்கிறது?

பாடம் நடத்துவதில் அவள் சூரப்புலியாகிவிட்டாள், அதையும் சொல்ல வேண்டும். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு மெஷின்தான் இருந்தது. அதனால் அவள் ஒரு முறை வைத்திருந்தாள். ஒரு பிள்ளை கை, ஒரு பிள்ளை வாய், ஒரு பிள்ளை கண். வாய் சொல்வதைத்தான் கை டைப் அடிக்க வேண்டும், சொந்தமாக ஓர் எழுத்துச் சேர்க்கக் கூடாது. கண் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்து தப்பைப் பிடிக்க வேண்டும். பாதி வகுப்பில் இடம் மாறிக்கொள்வார்கள். திரையில் ஒரு அம்பை நகர்த்திச் சதுரம் வரையச் சொல்கிற பாடம் என்றால், முதலில் மைதானத்தில் நடக்கவைப்பாள். முன்னால் போ, திரும்பு, முன்னால் போ, திரும்பு. திரும்பச் சொல்ல மறந்த வாயால் ஒரு கை நேராகப் போய்ச் சுவரில் முட்டி நிற்கும், எல்லோரும் சிரிப்பார்கள், அந்தத் தப்பு அதற்கப்புறம் ஜென்மத்துக்கும் வராது. அளவெடுத்த பிறகுதான் கத்தரி என்று தையலில் சொன்னதையே இங்கேயும் சொன்னாள். யோசிக்காமல் விசைப்பலகையில் கைவைத்தால் அவளுக்குக் கோபம் வரும்.

முதல் தடவை சதுரம் சரியாக மூடிக்கொள்ளும்போது பிள்ளைகள் முகத்தில் ஒன்று வரும். அதைப் பார்க்கிற நேரத்தில் அவள் எல்லாவற்றையும் மறந்துபோவாள். சாயங்காலம் வாடகை அறைக்குத் திரும்பி, ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறபோது எல்லாம் ஒன்றாகத் திரும்பி வரும். தன் பிள்ளையின் முகத்தில் அது வருகிறபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று யோசிப்பாள். வெறுப்பாக இருக்கும்.

மாற்றலுக்கு வருஷா வருஷம் எழுதிப் போட்டாள். கம்ப்யூட்டர் பொறுப்பில் இருப்பவரை, அதே பள்ளியில் வேறொருவர் அந்தப் பாடத்தை ஏற்றுக்கொண்டால்தான் விடுவிக்கலாம் என்பது விதி. தலைமையாசிரியரிடம் போய் நிற்பாள். எதைக் கேட்டாலும் அவர் பார்க்கலாம் என்பார். அதனால் அவருக்குப் பெயரே பார்க்கலாம் சார். அவர் கெட்டவரும் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு நாள் நன்றாகச் சண்டை போட்டிருக்கலாம், மனசாவது ஆறியிருக்கும்.

இந்த வருஷம் உத்தரவு வந்தேவிட்டது. கணவர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளி. வேலை, தையல் டீச்சர் வேலை. மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். போனில் சொன்னபோது கணவர் சேர வேண்டிய தேதியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். மகள் மட்டும், நிஜமாவா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

தலைமையாசிரியர் உத்தரவைப் படித்துவிட்டு, ஆளைக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அவள் ஆசிரியர் அறையில் ஒவ்வொரு மேஜையாகப் போய் நின்றாள். கம்ப்யூட்டர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதிலிருந்து எல்லாவற்றையும் தானே சொல்லிக்கொடுப்பதாகக் கெஞ்சினாள். பூகோள டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்கு மவுஸைத் தொட்டாலே மணிக்கட்டு வலி என்றார். வரலாற்று சார், இந்த வயதில் புதிதாகக் கற்றால் மண்டையில் ஏறாது என்றார். மொழிப்பாட ஆசிரியர் பெண்ணைப் பெற்ற தாயின் துயரத்தைப் பற்றி உருக்கமாகப் பேசிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். விளையாட்டு வாத்தியார் மட்டும் நான் கற்றுக்கொள்கிறேன் டீச்சர் என்று வந்து உட்கார்ந்தார். மூன்று நாள் முயன்றார். நான்காம் நாள் அவரே எழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். வருகிறவனால் முடியவில்லை, முடிகிறவன் வரவில்லை.

அரைப் பரீட்சை மார்க்குகளை எல்லா ஆசிரியர்களும் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து ஏற்ற வேண்டிய நாள் வந்தது. வழக்கம்போல அவரவர் வாய் சொல்ல, அவள்தான் எல்லோருக்கும் கை. கணக்கு சார் மட்டும் மூலை மெஷினில் தானே ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித்தேடிக் குத்திக்கொண்டிருந்தான். வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆன சின்னப் பையன், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவன், அவள் மேஜை மேஜையாகக் கெஞ்சியபோதும் தலை நிமிராமல் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவன். பாதியில் அவன் மெஷின் உறைந்து நின்றது. ஐயோ, நின்னு போச்சே, இப்ப என்ன பண்றது என்று அவன் வாய் அலறியது. அவள் திரும்பிப் பார்த்தாள். வாய் அலறிக்கொண்டிருக்கும்போதே அவன் இடது கை விரல்கள் தாமாக விரிந்து, விசைப்பலகையைப் பார்க்காமலே, சேர்த்து அழுத்த வேண்டியவற்றை அழுத்தின. உறைந்தது விலகியது. மார்க்குகள் பத்திரமாக ஏறிக்கொண்டன.

கை வாயை மீறினால் கண்டுபிடிக்கத்தானே அத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவன் நிமிர்ந்தபோது அவள் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயை மூடிக்கொண்டான்.

எல்லோரும் போன பிறகு அவன் மட்டும் அறையில் நின்றான். மறைக்கவில்லை. ஆசிரியர் வேலைக்கு வருமுன் நான்கு வருஷம் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதியதாகச் சொன்னான். மனைவிக்கு வேறு ஊரில் வேலை, இப்போது ஒன்பதாவது மாசம். கோடை மாற்றலில் அவன் பெயர் இருக்கிறது. அவனுக்கு இந்தப் பொறுப்பு வந்துவிட்டால் அந்தப் பெயர் காற்றில் போய்விடும்.

"அக்கா, நீங்க பட்டதை ரெண்டு வருஷமா பார்க்கறேன். அதைப் பார்த்துதான் பயந்து மறைச்சேன். உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது" என்றான். சொல்லாதீர்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கோபமாவது வந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அவள் அறைக்குப் போகாமல் பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போகிற பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. ஒன்பது மாசக்காரியை நினைத்தாள். உடனே தன் பிள்ளையை நினைத்தாள். நான் சொல்லாவிட்டால் அவர்கள் சேர்வார்கள், சொன்னால் நாங்கள் சேர்வோம். இரண்டு வீட்டில் ஒரு வீட்டுக்குத்தான் விளக்கு என்றால் எந்தப் பைத்தியக்காரி அடுத்த வீட்டில் ஏற்றுவாள்? அவன் சின்னவன், இன்னும் வயசு இருக்கிறது, வேறு வழி கிடைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுக்கும் அப்படித்தான் சொன்னார்கள் என்பது நினைவுக்கு வந்தது. நினைவை ஒதுக்கித் தள்ளினாள்.

மறுநாள் காலை மணியடிக்குமுன் தலைமையாசிரியர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை என்பதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கணக்கு சாரைக் கூப்பிட்டனுப்பினார்கள். உங்களுக்கு இதெல்லாம் தெரியுமாமே என்று தலைமையாசிரியர் கேட்டார். இல்லை என்று அவன் சாதித்திருக்கலாம், யாரும் நிரூபிக்கப் போவதில்லை. நடிக்கத் தெரிந்த அளவுக்கு அவனுக்கு நேருக்கு நேர் பொய் சொல்லத் தெரியவில்லை. அவளைப் பார்க்காமல், ஆமாம் சார் என்றான்.

தலைமையாசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பார்க்கலாம் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. இரண்டு பேர், இரண்டு பேர் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் விளங்கிற்று. கம்ப்யூட்டர் பாடத்தைப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக்கும் விரிவாக்கப் போகிறார்களாம். பாடம் தெரிந்தவர் இரண்டு பேர் உள்ள பள்ளிக்குத்தான் அனுமதி. பத்தாவது முடித்த பிள்ளைகள் அந்தப் பிரிவு வேண்டுமென்றால் தூரத்துப் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது, பெண்பிள்ளைகளை யாரும் அனுப்புவதில்லை. இந்தக் கவலையில் அவர் தூங்காமல் கிடந்தது உண்மை.

"நீங்க ரெண்டு பேரும் இருந்தா போதும் டீச்சர். இந்த ஊர்ப் பிள்ளைங்க தலையெழுத்தே மாறிடும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

என் மாற்றல் சார் என்று கேட்டாள். புதுப் பிரிவு காலூன்றுகிறவரை இரண்டு பேரையும் விட வேண்டாம் என்று அலுவலகத்துக்கு எழுதிவிடுவதாக, ஏதோ நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னார். எழுதியும் விட்டார். எந்தக் காகிதமும் வாரக்கணக்கில் கிடக்கிற அந்த அலுவலகம் இதற்கு மட்டும் உடனே பதில் போட்டது. தையல் டீச்சர் இடம் அடுத்தவருக்குப் போயிற்று. கணக்கு சார் பெயரும் கோடைப் பட்டியலிலிருந்து போயிற்று. இரண்டு வீட்டு விளக்கையும் சேர்த்து அவளே ஊதி அணைத்துவிட்டாள்.

ஆசிரியர் அறையில் அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் உள்ளே வந்தால் கையிலிருக்கிற போனை மட்டும் எல்லோரும் மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். விளையாட்டு வாத்தியார் ஒருவர்தான் பழையபடி சிரித்துப் பேசினார்.

கணக்கு சார் வகுப்புக்கு வந்தான். அருமையாக நடத்தினான். அவள் நாள்கணக்கில் தடுமாறிய இடத்தை அவன் ஒரு கோடு போட்டு விளக்கிவிடுவான். அவளுடைய கை, வாய், கண் முறையை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டான். வேலைக்கு வேண்டியதைப் பேசினான், ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அக்கா என்பது மட்டும் நின்று, மேடம் ஆகிவிட்டது. நீ என்னைத் திட்டிவிடு என்று ஒரு நாள் சொன்னாள். எதற்கு மேடம் என்று கேட்டுவிட்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டான். குழந்தை பிறந்த செய்தியைக்கூட அவள் பூகோள டீச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அவன் போய்ப் பார்க்க இரண்டு நாள் லீவு கொடுத்திருந்தார்கள்.

புதுப் பிரிவில் சேருகிற பிள்ளைகளின் பெற்றோர் வரத் தொடங்கினார்கள். சலவைக் கடையில் துணி தேய்க்கிற ஒரு அம்மா, சூட்டில் தழும்பேறிய இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மூத்தவளைத் தூரத்துக்கு அனுப்ப முடியாமல் படிப்பை நிறுத்தினேன், சின்னவள் தப்பித்தாள், நீங்கள் இருக்கிறதால்தான் மிஸ் என்றாள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து, நான் போயிருக்க வேண்டியவள் என்று எப்படிச் சொல்வது? மகராசியாக இருங்கள் என்று அந்த அம்மா வாழ்த்திவிட்டுப் போனாள். அந்தப் பொண்ணு படிக்கட்டும் என்று இவள் மனசார நினைத்தாள். நினைத்துக்கொண்டே, இந்தக் கட்டடம் இடிந்து விழட்டும் என்றும் நினைத்தாள். இரண்டும் உண்மை.

மகளுக்குச் சொல்வதைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். கணவரிடம் முன்பே சொல்லியாகிவிட்டது. விடு, பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். மகளிடம் மட்டும் நீயே சொல் என்றார். மாதக் கடைசி வந்தேவிட்டது. மதிய இடைவேளையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டாள். நாத்தனார் எடுத்து, பிள்ளையிடம் கொடுத்தாள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். புதுப் பிரிவைப் பற்றி, விதியைப் பற்றி, இன்னும் கொஞ்ச நாள்தான் என்பதைப் பற்றி. தான் செய்ததை மட்டும் சொல்லவில்லை. மகள் அழுவாள், கத்துவாள், போனை வைத்துவிடுவாள் என்று எதிர்பார்த்தாள். அதில் ஏதாவது ஒன்று நடந்தால் நல்லது என்றுகூட எதிர்பார்த்தாள்.

"பரவாயில்லம்மா. நீ வர்றேன்னு நான் யார்கிட்டயும் சொல்லவே இல்ல. போன தடவையெல்லாம் சொல்லிட்டு அப்புறம் இல்லன்னு சொல்றது கஷ்டமா இருந்துச்சு. அதான் இந்தத் தடவை, கேட்டவங்ககிட்டல்லாம் எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள் மகள்.

ஏதாவது சொல்லியாக வேண்டும். அவள் சொல்ல நினைத்தது என்னென்னவோ. வாயில் வந்தது, வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல்.

"சமத்து" என்றாள்.